‘ஒண்டீன்’ திரைப்படம்: பார்வையாளர் கருத்து வேறுபாடும் ‘ஆம்’ என்னும் ஒட்டும்

அயர்லாந்தின் திரைப்பட இயக்குநரும் புனைகதை எழுத்தாளருமான நீல் ஜார்டன் எழுதி இயக்கிய ‘ஒண்டீன்’ 2009ஆம் ஆண்டு வெளிவந்தது. இதனைக் கண்டவர்களின் கருத்துகள் அன்று முதலே ஒன்றோடொன்று இணங்கி வரவில்லை. கடல் சார்ந்த பழங்கதை ஒன்றைக் கனிவோடு சொல்லத் தொடங்கிய படம், இறுதிப் பகுதியில் போதைப்பொருள் கடத்தல் கதையாக மாறித் தன்னைத்தானே கெடுத்துக்கொண்டது என்பது ஒரு சாரார் கூறும் குறை. அம்மாற்றமே படத்தின் நேர்மை; அதுவரை காட்டப்பட்ட அனைத்திற்கும் அதுவே பொருள் தருகிறது என்பது மறு சாரார் கூறும் நிறை.

இரு சாராரும் கண்ட காட்சிகள் ஒன்றே. கேட்ட உரையாடலும் ஒன்றே. ஆயினும் ஒரு சாரார் தாம் ஏமாற்றப்பட்டதாகச் சொல்கின்றனர். மறு சாரார் தமக்கு எவரும் எதனையும் உறுதியாகச் சொல்லவேயில்லை என்கின்றனர். ஒரு கூற்று உண்மை என முன்வைக்கப்பட்டுப் பின்னர்ப் பொய்யாகும்போது தோன்றுவதே ஏமாற்றம். எனவே இப்படம் எதனைக் கூற்றாக முன்வைத்தது, எதனைக் கதையாகச் சொன்னது என்பதே கேள்வியாகிறது. திரைப்படச் சுவையைச் சார்ந்ததுபோலத் தோன்றினும் இக்கேள்வி மொழியியலார் நன்கறிந்த ஒன்று. படத்தைத் தமிழில் துணையுரையாகவோ குரலாகவோ பெயர்க்க முற்படுவோர் முதற்காட்சியிலேயே இதற்கு விடை கூறியாக வேண்டும் என்பதால், மொழிபெயர்ப்பாளர்க்கும் இது உரியது.

கதை

அயர்லாந்தின் தென்மேற்குக் கரையில், கார்க் மாவட்டத்துப் பேரா தீபகற்பத்தில் உள்ள காசில்டவுன்பேர் என்னும் மீன்பிடித் துறையே கதைக்களம். படமும் அங்கேயே எடுக்கப்பட்டது. சிரக்யூஸ் (காலின் ஃபாரல்) குடியை விட்டொழித்த மீனவன். ஒருநாள் அவன் இழுக்கும் வலையில் உயிருள்ள பெண் ஒருத்தி (அலிஸ்யா பாக்லெடா) வருகிறாள். மருத்துவமனை வேண்டாம், பிறர் கண்ணில் படவும் வேண்டாம் என்கிறாள். ‘ஒண்டீன்’ என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறாள். இறந்துபோன தன் தாய் வாழ்ந்த வீட்டில் அவளை மறைவாகத் தங்கவைக்கிறான் சிரக்யூஸ். அவன் மகள் ஆனி (அலிசன் பாரி) சிறுநீரகம் செயலிழந்து சக்கர நாற்காலியில் இயங்குபவள். தந்தையைப் பிரிந்த தாயோடும் அத்தாயின் துணைவனோடும் வாழ்பவள். வந்தவள் ‘செல்கி’, அதாவது கடலில் கடல்நாயாகவும் நிலத்தில் பெண்ணாகவும் இருப்பவள் என ஆனி முடிவு செய்கிறாள். அதற்கேற்ப, அப்பெண் படகில் பாடும்போது பொறிக்கூடைகளில் இறால் வகையைச் சேர்ந்த பெரிய லாப்ஸ்டர்கள் நிறைகின்றன. இழுவலையில் சால்மன் மீன் வந்து விழுகிறது.

பின்னர் அவளைத் தேடி ஓர் ஆடவன் வருகிறான். விபத்தில் தாயின் துணைவன் இறக்க, அவனது சிறுநீரகம் ஆனிக்குப் பொருந்துகிறது. அப்பெண் பாடிவந்த பாடலைத் தொலைக்காட்சியில் ஓர் இசைக்குழு பாடக் கேட்கும் சிரக்யூஸ் திடுக்கிடுகிறான். உண்மை வெளியாகிறது. அவள் ருமேனியாவைச் சேர்ந்தவள், பெயர் ஜோவானா, போதைப்பொருள் கடத்துவோருக்காகச் சுமை தூக்கியவள், காவலரிடமிருந்து தப்பும் முயற்சியில் கடலில் விழுந்தவள். கடல்நாய்த் தோல் எனக் குழந்தை நம்பிய பொதியில் இருந்தது அச்சரக்கே. தேடி வந்தவன் செல்கிக் கணவனல்லன், சரக்கின் சொந்தக்காரன்.

விபத்து, சிறுநீரகம் ஆகியன இத்தனை இணக்கமாக அமைவதைப் பலர் கேலி செய்துள்ளனர். அக்கேலிக்கு விடையில்லை, இங்கு அது வேண்டுவதுமில்லை. குழந்தை தன் வயதுக்கு மீறிப் பேசுகிறாள் என்னும் குறையும் உண்டு. ஆனால் நோயோடு வளரும் குழந்தைகளின் பேச்சை அறிந்தவர்கள் அதனை ஏற்க மாட்டார்கள்.

சட்டகம் ஒருமுறை

சிரக்யூஸ் தன் வலையில் பெண் அகப்பட்ட செய்தியை முதலில் யாரிடம், எவ்வாறு சொல்கிறான் என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. இரத்தச் சுத்திகரிப்புக் கருவியோடு இணைக்கப்பட்டிருக்கும் மகளிடம் அதனைக் கதையாகச் சொல்கிறான். ‘முன்னொரு காலத்தில்’ என்னும் வாய்பாட்டில் தொடங்கி, ஒரு மீனவன், ஒரு வலை, ஒரு பெண் எனப் படர்க்கையில் தொடர்கிறான். அதன்பின் அதே செய்தியைப் பாதிரியாரிடம் (ஸ்டீவன் ரே) பாவமன்னிப்புக் கூண்டில் சொல்கிறான். ஊரில் குடிநோயாளர் சங்கம் இல்லாததால் அக்கூண்டையே அவன் அதற்கு ஈடாகப் பயன்படுத்தி வருகிறான் என்பது படத்தின் நல்ல நகைச்சுவைகளுள் ஒன்று.

பொருண்மை ஒன்று; பேச்சுச் செயல் இரண்டு. கதைசொல்லலில் சொல்பவன் உண்மைக்குப் பொறுப்பேற்பதில்லை. பாவமன்னிப்பிலோ பொய் சொல்வது செயலையே செல்லாததாக்கும். மகளிடம் சொன்னது உண்மையே என்பதைப் பார்வையாளர் அறிவர். ஏனெனில் வலையில் பெண் வந்ததை அவர்கள் கண்டிருக்கின்றனர். ஆக, கதை என்னும் உறைக்குள் உண்மை வைத்துத் தரப்படுகிறது. சிறிது நேரத்தில் குழந்தை அதே உறைக்குள் வேறொன்றையும் வைக்கிறாள்: அவள் செல்கி. நூல்களில் படித்த விதிகளைக் கொண்டு, தோலைப் புதைத்தால் ஏழாண்டு நிலத்தில் தங்கலாம் என்பன போன்றவற்றைச் சேர்த்துக்கொண்டே போகிறாள். முதலில் உறைக்குள் இருந்தது உண்மையாக இருந்தமையால் அடுத்து வைக்கப்பட்டதும் உண்மையாகவே இருக்கும் என்று ஒரு சாரார் கொண்டனர். உறை உறைதான் என மறு சாரார் நினைவில் வைத்திருந்தனர்.

இத்தகைய பிரிவுக்கு ஆங்கிலத்தின் இயல்பே இடம் தருகிறது. கதை தொடங்குவதை அறிவிக்கும் வாய்பாடு ஆங்கிலத்தில் ஒரே ஒருமுறை, தலைப்பில், வரும். அதற்குப் பின்வரும் தொடர்கள் யாவும் வெற்று இறந்தகாலத் தொடர்கள். செய்தித்தாளில் வரும் தொடருக்கும் அவற்றுக்கும் வடிவில் வேறுபாடு இல்லை. வாய்பாட்டை மறந்தவர்க்குக் கதை செய்தியாகிவிடும். ஐரிஷ் மொழியிலும் நிலைமை பெரிதும் இதுவே. ‘ஃபடோ, ஃபடோ’ (நெடுநாள் முன்பு) எனக் கதைசொல்லி தொடங்குவதும், ‘சொல்’ என்னும் வினையின் எழுவாயற்ற வடிவத்தால் ‘சொல்லப்படுகிறது’ என வேண்டிய இடத்தில் விலகிநிற்பதும் உண்டு. எனினும் ஒவ்வொரு தொடரிலும் அவ்விலக்கத்தைக் குறித்தாக வேண்டும் என்ற கட்டாயம் அங்கும் இல்லை.

தமிழில் நிலை வேறு. ‘ஒரு ஊரில் ஒரு மீனவன் இருந்தானாம். ஒருநாள் வலையை இழுத்தானாம். வலைக்குள்ளே ஒரு பெண் கிடந்தாளாம்.’ பாட்டி சொல்லும் கதையில் சட்டகம் ஒவ்வொரு பயனிலையின் முடிவிலும் புதுப்பிக்கப்படுகிறது. தெலுங்கின் ‘அட’, கன்னடத்தின் ‘அந்தெ’, மலையாளத்தின் ‘அத்ரே’ ஆகியவற்றோடு ஒப்பிடத்தக்க இவ்வொட்டு, செய்தி தன் அனுபவத்தால் பெறப்பட்டதன்று, கேள்வியால் பெறப்பட்டது எனக் குறிக்கும். பழைய இலக்கண நூலார் ‘என்ப’, ‘என்மனார்’ என்னும் முற்றுகளால் முன்னோரைச் சுட்டியதினின்று இது வேறானது. அம்முற்றுகள் சொன்னவர்களைச் சான்றாக நிறுத்துகின்றன. ‘ஆம்’ ஒட்டோ சொன்னவர் யார் என்று கேளாமலேயே சொல்பவரைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகிறது.

இதிலிருந்து ஒரு முடிவைப் பெறலாம். ‘ஒண்டீன்’ முதலிலேயே தமிழில் எடுக்கப்பட்டிருந்தால் இக்கருத்து வேறுபாடு இவ்வடிவில் தோன்றியிராது. ‘கடலிலிருந்து வந்தவளாம்’ என்று கேட்டவர் பின்னர் ‘ருமேனியாவிலிருந்து வந்தவள்’ என்று கேட்கும்போது, முன்னதற்கு ஒட்டு இருந்ததையும் பின்னதற்கு இல்லாததையும் செவியிலேயே உணர்ந்திருப்பார். ஏமாற்றத்துக்கு இடமில்லை. ஆனால் வியப்புக்கும் இடமில்லாமல் போயிருக்கும். மொழிபெயர்ப்பாளரின் இக்கட்டு இதுதான். மூலமொழி திறந்து வைத்திருக்கும் கதவை இலக்குமொழியின் இலக்கணம் தானாகவே சாத்திவிடுகிறது.

காட்சிக்கு ஒட்டு இல்லை

குறை கூறிய சாராரை ‘கவனமின்றிக் கேட்டவர்கள்’ என ஒதுக்கிவிடுவது பொருந்தாது. மறு சாராரின் உரைகளில் அத்தகைய தொனி அடிக்கடி தென்படுகிறது, அது நியாயமன்று. உரையாடலை மட்டும் கொண்டு பார்த்தால் படம் எவ்விடத்தும் அவள் செல்கி என உறுதி கூறவில்லை என்பது மெய்யே. ஆனால் படம் என்பது உரையாடல் மட்டுமன்று. அவள் பாடுகிறாள், கூடை நிறைகிறது. இதனைச் சொல்பவர் எவருமில்லை. ஒளிப்பதிவாளர் கிறிஸ்டபர் டாயிலின் கருவி அதனைக் காட்டுகிறது. கருவி காட்டுவதற்குக் கேள்விச்செய்தி உருபு கிடையாது. வலையில் பெண் வந்ததை எந்த உறுதியோடு அது காட்டியதோ அதே உறுதியோடுதான் பாட்டுக்கு மீன் வந்ததையும் காட்டுகிறது. பேரா கடலின் பசுமையும் சாம்பலும் கலந்த மங்கிய ஒளி எல்லாவற்றையும் கனவுபோல ஆக்குகிறது என்று சிலர் விடை கூறக்கூடும். எனினும் அவ்வொளி படம் முழுவதும், கடத்தல்காரன் வரும் காட்சிகள் உட்பட, ஒரேபோல இருக்கிறது. எல்லாத் தொடரிலும் வரும் உருபு எதனையும் வேறுபடுத்திக் காட்டாது.

ஆகவே சொல் ஒன்றையும் காட்சி மற்றொன்றையும் முன்வைத்தன. சொல்லை நம்பியவர்கள் நிறைவடைந்தனர்; காட்சியை நம்பியவர்கள் குறைபட்டனர். முடிவில் அவள் யார் என்பது விளக்கப்படுகிறது. மீன் ஏன் வந்தது என்பது விளக்கப்படவில்லை. இவ்விடைவெளியைப் படத்தின் நுட்பம் எனப் பாராட்டுவோர் உளர். நுட்பம் என்பதினும் தயக்கம் என்பதே பொருந்தும். இயக்குநர் பழங்கதையை விட்டுவிடவும் துணியவில்லை, பற்றிக்கொள்ளவும் துணியவில்லை. ஆனால் அத்தயக்கம்தான் படத்தை மறக்கவொட்டாமல் செய்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஒப்பீட்டுக்கு ஜான் செயில்ஸ் இயக்கிய ‘ரோன் இனிஷ் ரகசியம்’ (1994) உதவும். ரோசலி ஃபிரை 1957இல் வெளியிட்ட, ஸ்காட்லாந்தைக் களமாகக் கொண்ட நாவலை அயர்லாந்துக் கரைக்கு மாற்றி எடுத்த படம் அது. ‘ரோன்’ என்பது ஐரிஷில் கடல்நாய், ‘இனிஷ்’ தீவு. அப்படத்தில் கடல்நாய்ப் பெண் தோலைக் களைந்து எழும் காட்சி வெளிப்படையாகவே காட்டப்படுகிறது. ஆனால் அதற்குமுன் ஒருவர் உட்கார்ந்து குழந்தைக்கு அக்கதையைச் சொல்லத் தொடங்குகிறார். அவர் குரலின்மேல் காட்சி விரிகிறது. காட்சி முடிந்ததும் அவர் முகத்துக்கே திரும்புகிறது. கதைசொல்லியின் இருப்பே அங்கு ‘ஆம்’ ஒட்டாக நிற்கிறது. ஜார்டனும் இம்முறையை அறியாதவரல்லர்; கதைக்குள் கதையாக அமைந்த ‘ஓநாய்களின் கூட்டம்’ (1984) அவருடையதே. ‘ஒண்டீனில்’ அவர் வேண்டுமென்றே சட்டகத்தைத் தொடக்கத்தில் வைத்துப் பின்னர் எடுத்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும்.

பெயர்களும் பாடலும்

அப்பெண்ணுக்குப் படத்தில் மூன்று பெயர்கள் உள்ளன. மூன்றில் ஒன்றும் அவ்வூர் மண்ணிலிருந்து எழுந்ததன்று. ‘ஒண்டீன்’ என்பது அலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பதினாறாம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் ஆக்கிய பெயரின் பிரெஞ்சு வடிவம். 1811இல் ஃபூக்கே எழுதிய ஜெர்மன் குறுநாவல், 1939இல் ஜிரோது எழுதிய பிரெஞ்சு நாடகம் ஆகியவற்றின் வழியாக அது ஐரோப்பா எங்கும் பரவியது. ‘செல்கி’ ஸ்காட்ஸ் மொழிச் சொல். கடல்நாயைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளின் கதைகளோடு உலகறிந்தது. ‘ஜோவானா’ அவளது சொந்தப் பெயர்.

நாட்டார் வழக்காற்றை அறிந்த அயர்லாந்துப் பார்வையாளர் சிலர்க்கு இச்செல்கி உறுத்தியிருந்தால் வியப்பதற்கில்லை. தோலையிழந்து நிலத்தில் மனைவியாக வாழ்ந்து, தோல் மீண்டும் கிடைத்ததும் கடலுக்குத் திரும்பும் பெண்ணின் கதையை நார்வே அறிஞர் கிறிஸ்டியன்சன் 1958இல் வெளியிட்ட இடம்பெயர் கதைகளின் அடைவு 4080 என்னும் எண்ணில் குறிக்கிறது. அயர்லாந்தில் அக்கதையின் நாயகி பெரிதும் கடற்கன்னியே. ஒளித்துவைக்கப்படுவதும் தோலன்று, மேலாடை அல்லது தலைக்குல்லாய். கடல்நாய் குலத்தோடு தொடர்புபடுத்தப்படும் குடும்பங்களும் கதைகளும் மேற்குக் கரையில் உண்டு. டேவிட் தாம்சன் 1954இல் வெளியிட்ட தொகுப்பு அவற்றுக்குச் சான்று. பேராவுக்கோ அதன் பெயரையே தாங்கிய கிழவி ஒருத்தி கடலை நோக்கிய பாறையாக நிற்கிறாள். இத்தனை இருக்க, குழந்தை ஸ்காட்ஸ் சொல்லைக் கையில் எடுக்கிறாள். இது பிழையன்று, நிகழ்காலம். ஊர்க்கிழவரிடம் கேட்டுக் கதையறியும் குழந்தையல்லள் ஆனி, நூலைப் படித்துக் கதையறிபவள். நூல்களில் ‘செல்கி’ என்றுதான் இருக்கும். பாட்டி சொன்ன ‘ஆம்’ அவளுக்கு வாய்க்கவில்லை. அச்செழுத்தின் உறுதிதான் வாய்த்தது. அவள் பேச்சைத் தமிழில் பெயர்ப்பவர் இதனை மறந்து ஒவ்வொரு தொடரிலும் ‘ஆம்’ சேர்த்தால் வேறொரு குழந்தையை உருவாக்கியவராவார்.

பாடலின் செய்தி இன்னும் சுவையானது. அவள் பாடுவது எம்மொழி என்று சிரக்யூஸுக்குத் தெரியவில்லை. பார்வையாளர் பலர்க்கும் தெரியவில்லை. அறியா மொழி என்பதே அவளை வேற்றுலகத்தவளாக்கும் முதற்சான்றாகிறது. ஆனால் அது ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழு 2008இல் வெளியிட்ட தொகுப்பின் இறுதிப் பாடல். அத்தொகுப்பில் ஆங்கிலத்தில் அமைந்த ஒரே பாடலும் அதுவே. ஆங்கிலம் பேசும் பார்வையாளர் தம் மொழியையே கேட்டு, அதனைக் கடலின் மொழி என்று கொண்டனர். பொருளறியாச் சொற்கோவைகளையும் பாடலாக்கிப் பழகிய குழு அது. உயிரொலிகளை நீட்டி மெய்களைத் தேய்க்கும் அவர்களது பாடல்முறையில் சொல்லின் எல்லைகள் கரைந்துவிடுகின்றன. படத்தின் பின்னணி இசையும் அக்குழுவினராக இருந்த க்யார்தன் ஸ்வேயின்சன் அமைத்ததே. இங்கேயும் குறை கூறிய சாரார் ‘வெறும் இசைத்தட்டுப் பாட்டா!’ என்று சலித்துக்கொண்டனர். அச்சலிப்பில் உண்மை உண்டு. ஆனால் மீன் வந்தது மொழிக்கன்று, குரலுக்கு என்று கொள்ள ஒரு வழியையும் படம் அடைத்துவிடவில்லை.

மொழிபெயர்ப்பாளர் இப்பாடலுக்குத் துணையுரை இடலாகாது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். பொருள் தெரிந்தவுடன் பாடல் பாடலாகிவிடும், சான்றாக நிற்காது.

கேட்டல்

பேச்சு விளங்கவில்லை, ஆங்கிலப் படத்துக்கே ஆங்கிலத் துணையுரை வேண்டியிருந்தது என்னும் குறையை அயர்லாந்துக்கு வெளியே பலர் கூறுகின்றனர். டப்ளினில் பிறந்த ஃபாரல் கார்க் பேச்சை நன்கு பற்றினார் என்போரும், மிகையாகப் பற்றினார் என்போரும் உளர். ஐரிஷ் மொழியின் மேல் படிந்த ஆங்கிலம் அவ்வட்டாரத்துப் பேச்சு. பிற ஆங்கிலத்தார் நாநுனியைப் பற்களின் இடையே வைத்து உரசியொலிக்கும் ஒலியை இவர்களுள் பலர் பல்லொலித் தடையொலியாக, ஏறத்தாழத் தமிழ்த் தகரமாக ஒலிப்பர். இங்கிலாந்து, அமெரிக்கக் காதுகள் இதனை மற்றொரு தடையொலியோடு மயங்கிக் கேட்கின்றன. தகரத்தையும் டகரத்தையும் பிரித்தறிந்து பழகிய தமிழ்க் காதுக்கு இம்மயக்கம் குறைவு. ஒலியளவில் இப்படம் தமிழர்க்குச் சற்று எளிது என்பது வேடிக்கையான உண்மை.

தொடரளவில் அவ்வாறு சொல்ல இயலாது. ‘அவள் போனதற்குப் பின் இருக்கிறாள்’ எனச் சொல்லுக்குச் சொல் ஐரிஷைத் தழுவிய அமைப்பு இவ்வாங்கிலத்தில் ‘இப்போதுதான் போனாள்’ என்று பொருள்படும். வெளியார் அதனை ‘போவதற்கு முயல்கிறாள்’ என நேர்மாறாகக் கொள்ளக்கூடும். பயனிலைப் பெயரை முன்னே தூக்கி வைக்கும் தொடர்களும் மிகுதி. ‘செல்கி ஒருத்தி என்பதுதான் அவள்’ என்பதுபோன்ற அத்தொடர்களுக்கு ஐரிஷ் மொழியின் இணைப்புவினையே மூலம்.

இவ்விணைப்புவினை தனித்துக் கவனிக்கத்தக்கது. ஐரிஷில் ‘இருத்தல்’ இரண்டு. ‘இஸ் பான் ஈ’ என்றால் ‘அவள் பெண்’. அவள் இன்ன வகையைச் சேர்ந்தவள் என்பது பொருள். ‘தா ஷீ இன பான்’ என்றால், சொல்லுக்குச் சொல், ‘அவள் தன் பெண்ணுக்குள் இருக்கிறாள்’; அதாவது இப்போது பெண் என்னும் நிலையில் இருக்கிறாள். தமிழில் ‘அவள் பெண்’ என்பதற்கும் ‘அவள் பெண்ணாக இருக்கிறாள்’ என்பதற்கும் உள்ள வேறுபாடே இது. உருமாறும் பெண்ணின் கதை இத்தகைய இலக்கணமுள்ள மொழியில் எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது! படம் ஐரிஷில் பேசவில்லை. பேரா மக்களின் அன்றாட மொழி இன்று ஆங்கிலமே. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. எனவே அங்கு ‘அவள் செல்கி’ என்பது இயல்பைக் குறிக்கிறதா, நிலையைக் குறிக்கிறதா என்று கேட்பவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கருத்து வேறுபாட்டுக்கு இது இரண்டாவது வாயில்.

தமிழ்ப்படுத்துவோர்க்கு

முதலில் சொல் பற்றி ஒரு குறிப்பு. ‘கடல்நாய்’ அகராதிக்குச் சரி. ‘கடல்நாய்ப் பெண்’ என்று காதலன் வாயில் வைத்தால் அரங்கம் சிரித்துவிடும். கடல்நாய் வாழாத கடற்கரையினரின் மொழி அவ்விலங்குக்குக் காதல்மொழி செய்து வைத்திருக்க நியாயமில்லை. ‘செல்கி’ என்பதையே கடனாகக் கொண்டு, ஆனி விளக்கும் இடத்தில் மட்டும் கடல்நாயைக் குறிப்பிடுவது தக்கது. குடித்துத் திரிந்த நாளில் செய்த கோமாளித்தனத்துக்காக ஊரார் சிரக்யூஸைப் பெயர் திரித்து ‘சர்க்கஸ்’ என்பர். இச்சொல்விளையாட்டு மட்டும் உழைப்பின்றியே தமிழில் நின்றுவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர்க்கு இத்தகைய நல்லூழ் அரிது.

‘ஆம்’ ஒட்டைப் பொறுத்தவரை மூன்று வழிகள் எண்ணிப்பார்க்கத்தக்கவை. செல்கி பற்றிய எல்லாக் கூற்றிலும் அதனைச் சேர்த்தால் முடிவு முதலிலேயே தெரிந்துவிடும். ‘இவர் பெரிய மேதையாம்’ என்பதில்போல நம்பாமையும் இளக்காரமும்கூட ஏறிவிடும். எங்கும் சேர்க்காவிட்டால் படம் பொய் சொன்னதாகிவிடும். குறை கூறும் சாரார் மட்டுமே எஞ்சுவர். மூன்றாவது வழியைத் தமிழ்க் கதைசொல்லலே காட்டுகிறது. கைதேர்ந்த பாட்டி தொடக்கத்தில் ‘இருந்தானாம், போனானாம்’ என்று ஒட்டுகளோடு தொடங்கினாலும், கதை சூடுபிடித்ததும் அவற்றை உதறிவிடுவாள். ‘வலையை இழுக்கிறான், இழுக்கிறான், வரவே மாட்டேன் என்கிறது. எட்டிப் பார்த்தால் பெண்!’ கேட்கும் குழந்தை அப்போது ‘உம்’ கொட்டவும் மறந்துவிடும். சுத்திகரிப்பு அறையில் தந்தை சொல்லும் முதற்கதையில் ‘ஆம்’ நிறையவே வரலாம், வர வேண்டும். கதை தொடரும் பிந்தைய காட்சியில் அது குறையட்டும். பாவமன்னிப்புக் கூண்டில் அறவே வரலாகாது. மீன் நிறையும் காட்சிக்குப் பின்வரும் உரையாடல்களில் ‘செல்கியோ’ என ஓகார ஐயம் போதும். ஜார்டன் சட்டகத்தை நழுவவிட்ட அதே இடங்களில் தமிழும் அதனை நழுவவிடும். பார்வையாளர் மீண்டும் இரு சாராராகப் பிரிவதற்கு உரிமை பெறுவர். துணையுரையின் நெருக்கடியான இரண்டு வரிக்குள் ‘என்று சொல்கிறார்கள்’ என எழுத இடமிராது. ஓரசையில் முடியும் ஒட்டுக்கு இடமுண்டு என்பது கூடுதல் வசதி.

எஞ்சுவது அப்பெண்ணின் பேச்சு. ஆனி அவளைச் செல்கி எனத் தீர்மானித்தபோது அவள் மறுக்கவில்லை. இதனை ஏமாற்று என்று சிலரும், குழந்தையின்பால் கொண்ட பரிவு என்று சிலரும், மறைந்து வாழ வேண்டியவளின் தற்காப்பு என்று சிலரும் கொள்கின்றனர். குறை கூறும் சாரார் கடல்தேவதையை இழந்ததற்கு வருந்தும் அளவுக்கு, எல்லைகடந்து சுமை தூக்க நேர்ந்த ஒரு பெண்ணை எண்ணி வருந்துவதாகத் தெரியவில்லை. அவர்கள் வாதத்தின் வலுவற்ற பகுதி அதுவே. ‘ஆம்’ ஒட்டு தன்மையிடத்தில் வருவது அரிது. வந்தால் பொருள் திரும்பிவிடும். ‘நான் திருடனாம்’ என்று ஒருவன் சொன்னால், பிறர் தன்னை அவ்வாறு சொல்கின்றனர், தான் அதற்கு உடன்படவில்லை என்பது பொருள். ‘நான் செல்கியாம்’ என்பதே அவள் படம் முழுவதும் சொல்லாமல் சொல்லும் தொடர். ஆங்கிலத்தில் அதற்குச் சொல் இல்லை. அலிஸ்யா பாக்லெடாவின் பாதிச் சிரிப்பு அவ்விடத்தை நிரப்புகிறது. தமிழில் சொல் இருந்தும் அதனை எழுத இடமில்லை, அவள் அங்கு வாய் திறப்பதில்லையாகையால். உண்மை வெளியாகும் காட்சியில் அவள் வாய் திறந்து சொல்வதற்கு ஒட்டும் வேண்டாம், ‘ஆக’ உருபும் வேண்டாம். வினையே இல்லாத பெயர்ப் பயனிலைத் தொடர் போதும்: என் பெயர் ஜோவானா.